பசை இழுக்கும் பக்கம்

வில்னியஸ் நகரத்து லேசர் கம்பெனியில் கெனோவைத்தே பதினாறு வருடமாக நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்தவள். லேசர் ஒளியைக் கண்மூடித் திறப்பதற்குள் கோடிக்கணக்கான முறை மங்கவும் மின்னவும் வைக்கும் ஒரு சில்லு அங்கே தயாராகிறது. அந்த மினுக்கல்தான் தேசம் விட்டுத் தேசம் செய்தி சுமக்கிறது. சில்லின் வாயில் தலைமுடி போன்ற கண்ணாடி இழையை வைத்து, பசையிட்டு, ஊதா விளக்கில் இறுக வைப்பது அவள் வேலை. புருஷன் விட்டுப் போனபின் அந்த நாற்காலி ஒன்றுதான் அவளுக்கு மரியாதை.

புதிதாக வந்த மேற்பார்வையாளன் ரிம்விதாஸ் ஒருநாள் பின்னால் வந்து நின்றான்.

"என்னம்மா இது? இழைக்குள்ள போற ஒளி தொண்ணூத்திரண்டுதான்னு மீட்டர் காட்டுது, ஒட்டுறீங்க. நூறு வந்தா ஒட்டணும்னு தெரியாதா?"

"பசை இறுகும்போது இடது பக்கம் இழுக்கும் தம்பி. அதுக்காக இழையைக் கொஞ்சம் வலது பக்கம் தள்ளி வைக்கிறேன். காய்ஞ்சதும் தானா ஏறிரும், பாருங்க."

"சமையல் பக்குவமெல்லாம் வீட்டுல வச்சுக்குங்க."

பக்கத்து இருக்கை ஸ்தாசே சிரித்தாள். "அக்கா பக்குவத்துலதான் சார் இந்தக் கம்பெனி ரொட்டி திங்குது!"

அவனுக்கு முகம் கறுத்துவிட்டது. "இனிமே நூறுல ஒட்டலேன்னா நாற்காலி இருக்காது."

நாற்காலிக்குப் பயந்து கெனோவைத்தே சொன்னபடி செய்தாள். அறுபது சில்லும் காய்ந்ததும் ஒளி எண்பதுக்கு இறங்கிவிட்டது. முதலாளி எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்டார்.

"வயசாச்சு சார், அம்மாவுக்குக் கை நடுங்குது" என்றான் ரிம்விதாஸ்.

அவள் ஸ்தாசேயைப் பார்த்தாள். ஸ்தாசே தலையைக் குனிந்துகொண்டாள். மறுநாள் அவளைப் பெட்டி கட்டும் இடத்துக்கு மாற்றினார்கள்.

மூன்று வாரம் கழித்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பசை இழுப்புக்காக இழையை வலது பக்கம் தள்ளி ஒட்ட வேண்டும் என்று புது விதி. கீழே ரிம்விதாஸ் கையெழுத்து.

ஸ்தாசே ஓடிவந்தாள். "அக்கா, முதலாளிகிட்ட போய்ச் சொல்லேன், இது உன்னோட பக்குவம்னு!"

"அன்னிக்கே நீ சொல்லியிருக்கலாமே, ஸ்தாசே."

அந்த ஞாயிறு தேவாலயத்துப் பூசையில் கெனோவைத்தே எல்லாரோடும் சேர்ந்து பரலோக மந்திரம் சொன்னாள். தீமை செய்தவர்களை நாங்கள் மன்னிப்பதுபோல என்ற இடம் வந்ததும் உதடு ஒட்டிக்கொண்டது. ஆண்டவர் முன் பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. சுற்றிலும் ஜனங்கள் மந்திரத்தை முடித்துவிட்டார்கள். அவள் மட்டும் அந்த வரியிலேயே நின்றாள்.