அத்தை வச்சிரம் காய்ச்சினாள்

அத்தை வயலின் செய்யப்போகிறேன் என்று சொன்னபோது எங்கள் வீட்டில் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாங்கள் குடியிருந்த குகட்பள்ளியில் கையும் காலும் நன்றாக இருந்த அத்தனை பேரும் அமீர்பேட்டுக்குப் போய் ஜாவா கற்றுக்கொண்டிருந்த காலம் அது. அப்பா அவளையும் ஒரு வகுப்பில் சேர்த்துவிட்டார். இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அத்தை வகுப்புக்குப் போகாமல் பக்கத்து இன்டர்நெட் சென்டரில் உட்கார்ந்து வயலின் வரைபடங்களாக அச்செடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று. அப்பா தலையில் அடித்துக்கொண்டார். அத்தை அந்தத் தாள்களை ஹாலில் பரப்பி, மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க ஓர் ஓரத்தின்மேல் என்னை உட்காரவைத்தாள். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அவள் புருஷன் வீட்டிலிருந்து வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கல்யாணமாகி மெட்ராஸ் போனபோது கூடவே கொண்டுபோன வயலினை மாமியார் பரணில் ஏற்றிவிட்டாராம். "கச்சேரி பண்ணவா கல்யாணம் பண்ணிண்டே?" என்று கேட்டாராம். இரண்டு கோடை பரணில் வெந்து வயலின் மூட்டு விட்டுப்போனது. அத்தை அதைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிவிட்டாள். தீபாவளிக்கு வந்திருக்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தோம். அடுத்த தீபாவளியும் வந்து போய்விட்டது. கிடைத்த வாழ்க்கையைக் கெடுத்துக்கொண்டாள் என்று இன்றைக்கும் எங்கள் உறவில் சிலர் பேசுகிறார்கள். பேசட்டும். அவர்களில் ஒருவர்கூட ஒரு பலகையை இழைத்ததில்லை.

பழைய வயலினின் மேல்பலகையை அவள் சாப்பாட்டு மேஜையில் வைத்து, மெல்லிய கத்தி ஒன்றால் கழற்றினாள். எல்லாப் பக்கமும் சுலபமாகத் திறந்துகொண்டது. யாரோ வெள்ளைப் பசை போட்டுப் பழுது பார்த்திருந்த ஓர் இடத்தில் மட்டும் பசை விடவில்லை, மரம்தான் பிய்ந்து வந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் புதிதாகவே ஒன்று செய்வதென்று தீர்மானித்தாள். ஜீடிமெட்லா தொழிற்பேட்டையில் ஜெர்மன் மெஷின் வந்து இறங்கிய பெட்டியின் பலகையைப் பழைய மரக்கடையில் பொறுக்கி வந்தாள். நனைக்காதே என்று பெட்டிக்காரன் போட்டிருந்த குடைப் படம் அதில் இருந்தது. அதை அழிக்காமல் உள்பக்கமாக விட்டுவிட்டாள். பலகையைக் கொஞ்சம் இழைப்பாள், காதருகில் வைத்து விரலால் தட்டுவாள், மறுபடி இழைப்பாள். மாதக்கணக்கில் இதே வேலை. எங்கள் சாம்பாரில்கூட மரத்தூள் இருந்தது.

கடைசியில் ஒட்டுகிற வேலை வந்தது. தச்சர்கள் வச்சிரம் என்று சொல்கிற பசை அவளுக்கு வேண்டியிருந்தது. வெல்ல அச்சு நிறத்தில் வில்லை வில்லையாக இருக்கும். இரவெல்லாம் ஊறவைத்து, கொதிநீருக்குள் சின்னப் பாத்திரத்தை வைத்து, பசையைக் கொதிக்கவிடாமல் இளக்க வேண்டும். நாற்றம் மூன்று மாடிக்குப் போகும்.

"கடையில வெள்ளைப் பசை விக்கறதே" என்றார் அப்பா.

"அது ஒட்டினா ஒட்டினதுதான் அண்ணா. நாளைக்கு ரிப்பேருக்குத் திறக்கணும்னா மரம் கிழியும். வச்சிரம்னா மரத்துக்கு ஒண்ணும் ஆகாம பிரிச்சு எடுத்துடலாம்."

"எதுலேர்ந்து பண்றா அதை?" என்று கேட்டாள் அம்மா.

"மாட்டுத்தோல், மன்னி."

அன்றைக்கே அடுப்பு பால்கனிக்குப் போனது. இனி உள்ளே வரவே கூடாது என்று சொல்லி அம்மா ஒரு பழைய பாத்திரத்தையும் கொடுத்துவிட்டாள். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, யாராவது கேட்டால் தோல் என்று சொல்லித் தொலைக்காதே, வச்சிரம் என்று மட்டும் சொல் என்றாள். நானும் அந்தச் சொல்லை மனப்பாடம் செய்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தையின் மாமியார் போன் செய்தார். அவர் பிள்ளைக்கு, அதாவது எங்கள் அத்திம்பேருக்கு, அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்திருந்தது. ஒரு வருடமாக ஞாபகம் வராத மனைவி இப்போது ஞாபகத்துக்கு வந்திருந்தாள். போனை எடுத்தவள் நான்.

"அத்தை என்ன பண்றா?"

"பால்கனியில வஞ்சிரம் காய்ச்சறா, மாமி."

"என்னது?"

"வஞ்சிரம். அம்மா அதுக்குன்னு தனிப் பாத்திரமே குடுத்திருக்கா."

மெட்ராஸில் வஞ்சிரம் என்றால் மீன். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லி வளர்ந்த எனக்கு அது எப்படித் தெரியும்? ஓர் எழுத்துதானே மாறியது! போன் வைக்கப்பட்டது. அம்மா சொன்ன வேலையை ஒழுங்காக முடித்த திருப்தியில் விளையாடப் போய்விட்டேன்.

பத்து நாளில் மாமியாரும் அத்திம்பேரும் நேரிலேயே வந்தார்கள். அப்பா ஸ்வீட் வாங்கிவைத்து, மேல்பலகை ஒட்டாமல் கிடந்த வயலினைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டிருந்தார். அத்தை அதை இழுத்து மறுபடி மேஜைமேல் வைத்தாள்.

மாமியார் உட்கார்ந்ததும், "அழைச்சுண்டு போகத்தான் வந்திருக்கோம். அதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சாகணும். இங்கே வஞ்சிரம் காய்ச்சறியாமே? மீன் திங்கற அளவுக்கு ஆயாச்சா?" என்றார்.

அப்பாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "மீனா? ஐயோ மாமி, அது வந்து..."

"நீ சும்மா இரு அண்ணா" என்றாள் அத்தை. பிறகு மாமியாரை நேராகப் பார்த்து, "ஆமா, காய்ச்சறேன். இன்னிக்கும் காய்ச்சுவேன். எங்கே இருந்தாலும் காய்ச்சுவேன்" என்றாள்.

அத்திம்பேர் நல்லவிதமாகத்தான் பேசினார். "அங்கே வந்து இதெல்லாம் பண்ண மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. போறும். அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டா."

"சொல்ல மாட்டேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. அத்தை அநியாயமாக மாட்டிக்கொள்கிறாளே! அவளைக் காப்பாற்ற உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு வழி தெரியாமல், "மீன் இல்லை மாமி! வெறும் மாட்டுத்தோல்தான்!" என்று கத்தினேன்.

காப்பி ஆறிப்போக, இருவரும் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்கள். அத்தை பால்கனிக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

வயலினைச் சுற்றி மேல்பலகையை இறுக்கிப் பிடிக்க, காலி நூல்கண்டுக் கட்டைகளில் போல்ட் கோத்து அவளே பிடிகள் செய்திருந்தாள். முப்பது பிடிகளையும் பசை ஆறுவதற்குள் திருக வேண்டும். அதற்கு நான்கு கைகள் தேவை. நான் தேம்பிக்கொண்டே நின்றேன். என்னால் ஒரு குடும்பம் உடைந்துவிட்டது என்று பயந்தேன்.

"நான்தான் தப்பா சொல்லிட்டேன் அத்தை."

"அழுகையை அப்புறம் வெச்சுக்கோ. பசை ஆறிடும். திருகு."

திருகினேன். இருவருமாக ஒரு சுற்று முடித்தபோது விளிம்பெல்லாம் பசை பிதுங்கி நின்றது. அத்தை வெந்நீர்த் துணியால் அதைத் துடைத்துவிட்டு, எதையோ மெதுவாகப் பாடத் தொடங்கினாள்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மறுவாரம் எனக்குத் தெரிந்த தமிழில் மாமியாருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அது மீன் இல்லை, பசை, அத்தை மேல் தப்பே இல்லை, ஓர் எழுத்தில் நான்தான் கோட்டைவிட்டேன், வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று. தபாலில் போடச் சொல்லி அத்தையிடமே கொடுத்தேன். அவள் உட்கார்ந்து நிதானமாகப் படித்தாள். பென்சில் எடுத்து மூன்று பிழைகளைத் திருத்தினாள். என்னை இழுத்து உச்சியில் முத்தம் கொடுத்து, கடிதத்தை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு ஒரு மாதம், பள்ளி விட்டதும் முதல் வேலையாகக் கீழே தபால் பெட்டியைத் திறந்து பார்ப்பேன். மேலே புது வயலினுக்குத் தந்தி பூட்டி அத்தை வாசித்துக்கொண்டிருப்பாள். நான் இங்கே பதிலுக்காகத் தவித்துக்கொண்டிருக்க, இவளால் எப்படி இவ்வளவு சந்தோஷமாக வாசிக்க முடிகிறது என்று எனக்குக் கோபம்கூட வந்தது. பதில் வரவேயில்லை. நான் தபால்காரரைத்தான் சந்தேகப்பட்டேன்.