வாலில் மூக்கு வைத்த மீன்

கனகரத்தினத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. திரியாயில் பிறந்து, திருகோணமலைத் துறைமுகத்தில் முப்பது வருடம் படகோட்டியவர். பாரிசவாதம் வந்து வலது பக்கம் வழங்காமல் போனபின், அவரைப் பராமரிக்கும் வேலைக்கு நான் அன்புவழிபுரத்து வீட்டுக்குப் போனேன். வெறும் தண்ணீர் அவருக்கு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அதனால் மருந்துக்கடை மாவைக் கலந்து, கூழ்போலத் தடிப்பாக்கிக் கரண்டியால் கொடுப்பேன். சளி என்று திட்டுவார். ஆனாலும் விழுங்குவார்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த கிழமைகளில் தம்பி சின்னராசா அவருடைய படகை எடுத்துக்கொண்டான். அண்ணன் இனி எழும்பமாட்டான் என்று கரையெல்லாம் சொல்லி, படகிலிருந்த பெயரை அழித்துத் தன் பெயரை எழுதினான். அதைக் கேட்ட நாளிலிருந்து கனகரத்தினம் கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் இடது கையால் ஒரு கடற்பிராணியை வரையத் தொடங்கினார்.

முழங்கை நீளம். கண் இல்லை, தம்பியை மணத்தாலேயே கண்டுபிடிக்குமாம். விலாவில் வரிசையாகச் சளி கக்கும் துளைகள். படகு எஞ்சின் சூடாகாமல் இருக்க ஓர் ஓட்டை வழியாகக் கடல்நீரை உறிஞ்சும். அந்த ஓட்டையில் இது ஒட்டிக்கொண்டு, சுற்றியுள்ள நீரையெல்லாம் சளியாக்கிவிடும். எஞ்சின் வெந்து இறுகும். கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் என்பதையும் முடிவு செய்திருந்தார்: கத்தினால் கேட்காத தூரம்.

தன் சளியிலேயே மூச்சு முட்டி அது முதலில் சாகாதா என்று கேட்டேன். மூன்றாம் நாள் தாளை நீட்டினார்.

"வாலில மூக்கு வைச்சிட்டன், அக்கா."

ஆவணியில் சின்னராசா வந்தான், அண்ணனுக்குக் கொடுக்கவே கூடாத சோடாப் போத்தலோடு. படகின் பதிவு இன்னும் அண்ணன் பெயரில். கடலுக்குப் போக ஏலாதாம். மாற்றுவதற்கு, கொண்டுவந்த கடதாசியில் கையெழுத்து வேண்டுமாம்.

கனகரத்தினம் என்னிடம் இரண்டு விரல் காட்டினார். இரண்டு கோப்பை மாத்தண்ணீர் கலக்கினேன். சுகதேகிக்குக் கொடுக்கக் கூடாது என்று பயிற்சியில் யாரும் சொல்லவில்லை.

"குடி. முடிச்சால் சைன் வைப்பன்."

சின்னராசா சிரித்துக்கொண்டே முதல் வாய் விழுங்கினான். இரண்டாவது வாயில் ஓங்காளித்து முற்றத்துக்கு ஓடினான். நான் கரண்டி கரண்டியாகக் கொடுக்க, கனகரத்தினம் அவனைப் பார்த்தபடியே தன் கோப்பையை முடித்தார். பிறகு கடதாசியைக் கசக்கிக் கீழே போட்டார்.

"நீங்களாவது அண்ணைக்குச் சொல்லுங்கோ," என்றான் என்னிடம். நான் நோயாளியைப் பார்க்க வந்தவள், படகைப் பார்க்க அல்ல என்று சொல்லிப் படலையைச் சாத்தினேன்.

படகு கரையிலேயே கிடக்கிறது. மாரி மழைத் தண்ணீர் அதற்குள் முழங்காலளவு நிற்கிறதாம். இறைக்க ஆள் பிடிக்கட்டுமா, அது உங்களுடைய படகல்லவா என்று கேட்டேன்.

"தெரியும்," என்றார். "பாசி பிடிக்கட்டும்."