நாலு புள்ளி

போன வருடம் மார்கழியில், அயனம்பாக்கம் ஏரிக்கரையில் நடந்தது இது. அங்கேதான் ஓர் அடுக்ககத்தில் குடியிருக்கிறோம்.

இரண்டு வருட போனஸைச் சேர்த்து ஒரு கைக்கடிகாரம் வாங்கியிருந்தேன். பேட்டரி கிடையாது, சாவி கொடுத்தால் நொடிக்குப் பத்து முறை துடிக்கும். பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால் நடுமுள் பாய்ந்து, நொடியில் பத்தில் ஒரு பங்கையும் ஒவ்வொரு புள்ளியாக அளந்து காட்டும். நான் அழுத்தியதே இல்லை, தேய்ந்துவிடுமோ என்று. துணியில் சுற்றி அலமாரியில் வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்துக் காதோரம் வைத்துக் கேட்பேன், அவ்வளவுதான். மனைவியிடம் விலை ஐயாயிரம் என்று சொல்லியிருந்தேன்.

ஒரு ஞாயிறு துணி மட்டும் இருந்தது.

"வேலைக்கு வர்ற பொண்ணுக்கு வியாழக்கிழமையே குடுத்துட்டேன்" என்றாள் மனைவி. "போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடிப் பழகுறா. அடுத்த வருஷம் வயசு தாண்டிடும், இதான் கடைசி சான்ஸாம். நீங்கதான் கட்டவே மாட்டேங்கிறீங்களே. ஐயாயிரம் ரூபா வாட்ச்சுதானே?"

உண்மை விலை தொண்டை வரை வந்து திரும்பிப் போனது.

மறுநாள் விடியலில் கரையை ஒட்டிய காலி மனைக்குப் போனேன். பனியில் எதிர்க்கரை இல்லாமல் போயிருந்தது, பாசி வாடை. தூரம் அளந்து செங்கல் நட்டிருந்தார்கள். அந்தப் பெண் ஓடிவந்துகொண்டிருந்தார். ஆட்டோ ஓட்டும் அவருடைய கணவர், என் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்தப் பெண் செங்கல்லைத் தாண்டியதும் கணவரின் கட்டைவிரல் பொத்தானை அழுத்தியது. என் நெஞ்சில் அழுத்தியதுபோல் இருந்தது.

"இன்னா சார், வாக்கிங்கா? இத்த பாரு சார், வியாழக்கிழமைக்கு இன்னிக்கி நாலு புள்ளி கொறஞ்சிகீது. போன்ல தட்டுனா வெரலு வழுக்கிக்கினு இதெல்லாம் எங்க சரியா வருது?"

இடுப்பில் கைவைத்து மூச்சிரைத்துக்கொண்டே அந்தப் பெண் சிரித்தார். "பின்னாலயே நாய் வர்ற மாதிரி தொரத்துது சார். ஊட்டுக்காரருக்கு இதான் சாக்கு, வண்டியே எடுக்க மாட்டேங்கிறாரு."

கடிகாரத்தில் கோளாறு இருக்கிறது, தப்பாகக் காட்டும், சரிபார்த்துக் கொண்டுவருகிறேன் என்றேன்.

"அப்போ அந்த நாலு புள்ளி?" என்றார் கணவர்.

"அதுவும் தப்பாத்தான் இருக்கும்."

அந்தப் பெண் முகத்தைத் துப்பட்டாவால் துடைத்தார். துடைத்து முடித்தபோது சிரிப்பு இல்லை. கணவர் கழற்றிக் கொடுத்தார். அவர் மணிக்கட்டின் சூடு இன்னும் அதில் இருந்தது.

மறுவாரம் அந்தப் பெண்ணுக்கென்று புது ஸ்டாப்வாட்ச் ஒன்று வாங்கி வந்தேன். அவர் எடுத்துக்கொள்ளாமல் சமையல் மேடையிலேயே கிடந்தது. செலக்‌ஷனுக்குப் போகலையா என்று மனைவி கேட்டதற்கு, "நமக்கு அதெல்லாம் ஆவாதுக்கா" என்றாராம், பாத்திரத்திலிருந்து கண்ணெடுக்காமல்.

கடிகாரத்தை எந்த நாளிலும் திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஓடி ஓடி அவர் தன் உடம்பிலிருந்து எடுத்த அந்த நாலு புள்ளியை, பொய் என்று நான் சொல்லிவிட்டதை, எதைக் கொண்டு திருப்பிக் கொடுப்பது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.