கிறிஸ்துமஸ் தாத்தா சொன்னதும் நான் சொன்னதும்

எம்ரிஸைப் பற்றி யார் கேட்டாலும் எங்கள் பள்ளியில் ஒரே பதில்தான் வரும்: "நல்ல மனுஷன், பாவம்." அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. வேறு யாராவது கூட்டியும் குறைத்தும் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் மொரிவாகி, மரியாதைக்கு மொரிவாகி சான் என்பார்கள். ஜப்பானில், யொனாகோ ரயில் நிலையத்துக்கு எதிரே, சலவைக்கடை மாடியில் இருக்கிற ஆங்கிலப் பேச்சுப் பள்ளியில் பத்தொன்பது வருஷமாக முன்மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். மாணவர்களைச் சேர்ப்பது, நேர அட்டவணை போடுவது, வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு வீடு பிடித்துக் கொடுப்பது, எந்தக் கிழமை எந்தக் குப்பையை வெளியே வைக்க வேண்டும் என்று அவர்களிடம் தொண்டை வற்றக் கத்துவது எல்லாம் என் தலையில்தான். வருகிறவர்கள் ஒரு வருஷம் இருப்பார்கள், மிஞ்சினால் இரண்டு. எம்ரிஸ் மட்டும் பதினோரு வருஷம் இருந்துவிட்டார்.

வேல்ஸ் நாட்டுக்காரர். ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம், எங்கள் வகுப்பறை வாசலில் தலையை இடித்துக்கொள்ளாத நாளே கிடையாது. வந்த வருஷம் டிசம்பர் அட்டவணையைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"மொரிவாகி சான், இருபத்தஞ்சாம் தேதியத் தப்பாப் போட்டிருக்கீங்க. அன்னைக்கு ஆறு கிளாஸ் இருக்கு."

"தப்பில்ல. ஆறுதான்."

"அன்னைக்குக் கிறிஸ்துமஸ்."

"தெரியும். அதனாலதான் ஆறு. மத்த நாள்னா ஏழு."

நான் விளையாடவில்லை என்று புரிந்ததும் சிரித்துவிட்டுப் போய் ஆறு வகுப்பும் எடுத்தார். எங்கள் ஊரில் கிறிஸ்துமஸ் என்றால் நவம்பரிலேயே சொல்லிவைத்த கோழி வறுவலும் ஸ்ட்ராபெர்ரி கேக்கும்தான். இருபத்து நாலு சாயங்காலத்தோடு அது முடிந்துவிடும். இருபத்தைந்தாம் தேதி கடைக்காரர்கள் மிச்சக் கேக்குகளைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள். எம்ரிஸ் அதில் ஒன்றை வாங்கி வந்து ஒவ்வொரு வருஷமும் மறுநாள் என் மேசையில் வைப்பார்.

"இந்தக் கேக்கும் நானும் ஒரே ஜாதி. இருபத்தஞ்சோட ரெண்டு பேருக்கும் மவுசு போயிடுது" என்பார்.

உண்மைதான். டிசம்பர் முழுக்க வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு எங்கள் ஊரில் அவ்வளவு கிராக்கி. பாலர் பள்ளிகள், முதியோர் இல்லங்கள், பல் ஆஸ்பத்திரி என்று எல்லோருக்கும் நிஜமான வெள்ளைக்காரக் கிறிஸ்துமஸ் தாத்தா வேண்டும். தாத்தா ஆங்கிலம் மட்டும்தான் பேச வேண்டும். ஜப்பானிய மொழி பேசிவிட்டால் குழந்தைகள் நம்பமாட்டார்கள். அதனால் கூடவே நான் போய் மொழிபெயர்ப்பேன். கேட்பதற்கு லேசான வேலை. உள்ளதை உள்ளபடி சொன்னால் பாதி நேரம் சப்பென்று இருக்கும், ஆகவே கொஞ்சம் இழைத்து, மெருகு போட்டுச் சொல்வேன். தாத்தா "முதுகு வலிக்கிறது" என்றால் நான் "மூட்டை நிறைய உங்க பரிசாம், அதான் கனக்குதாம்" என்பேன். குழந்தைகள் துள்ளிக் குதிக்கும். இந்தச் சாமர்த்தியத்தில் எனக்கு ரொம்பப் பெருமை இருந்தது, இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எம்ரிஸ் இங்கேயே கல்யாணம் செய்துகொண்டார். மாலை வகுப்புக்கு வந்த மிவா என்ற பெண். ஒரு மகள், காஹோ. அப்பாவோடு ஆங்கிலம், அம்மாவோடு ஜப்பானிய மொழி என்று அந்தக் குழந்தை பேசும் அழகைப் பார்க்கவே நான் அவர்கள் வீட்டுக்குப் போவேன். மிவாவைக் குறை சொல்லமாட்டேன். எம்ரிஸ் குடிக்கவில்லை, கை நீட்டவில்லை; அவளும் அப்படித் தப்பு எதுவும் செய்யவில்லை. இரண்டு பேரும் வீட்டில் பேசிக்கொள்வதை மெல்ல நிறுத்தினார்கள். காஹோவுக்கு நாலரை வயதாக இருக்கும்போது ஒரு நாள் அவர் வேலை முடிந்து வீட்டுக்குப் போனார், வீட்டில் மிவாவும் இல்லை, குழந்தையும் இல்லை.

விவாகரத்தானால் பிள்ளை ஒருவரோடு போய்விடும், மற்றவர் சத்தமில்லாமல் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் பக்கத்தில் காலங்காலமாக அப்படித்தான். என் தம்பியே அப்படி ஒதுங்கியவன்தான். ஆனால் எம்ரிஸுக்கு ஒதுங்கத் தெரியவில்லை. மாதம் ஒரு கடிதம் மாமனார் வீட்டு விலாசத்துக்கு எழுதினார், எல்லாம் திரும்பி வந்தன. மிவா இதே ஊரில் வேறு வீடு பார்த்துப் போய்விட்டாள் என்பது மட்டும் தெரியும். எந்தத் தெரு என்று யாரும் சொல்லவில்லை.

கடைசியில் குடும்ப நீதிமன்றத்தில் சமரசம் பேச மனுப் போட்டார். ஜனவரி பதினாறாம் தேதி கூப்பிட்டிருந்தார்கள். மாதம் ஒரு தடவை, இரண்டு மணி நேரம், பக்கத்தில் ஒரு ஆள் இருக்க, மகளைப் பார்க்கலாம். அந்த அளவுக்கு மிவாவும் இறங்கி வந்திருந்தாள். ஒரே நிபந்தனை, அதுவரை எம்ரிஸ் குழந்தை இருக்கும் பக்கமே போகக்கூடாது, கடிதமும் கூடாது. மீறினால் அந்த இரண்டு மணி நேரமும் போச்சு. அதற்காக அவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தார்.

டிசம்பர் பதினெட்டாம் தேதி நான் பரிசுப் பைகளில் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு பாலர் பள்ளி அனுப்பிய பட்டியல். பெரிய வகுப்பில் பதினேழாவது பெயர் ஹிரோசே காஹோ. ஹிரோசே என்பது மிவாவின் குடும்பப் பெயர். பேனா அப்படியே நின்றுவிட்டது. நல்லவேளை, அந்தப் பள்ளிக்கு டைலர் என்ற இளம் ஆசிரியர்தான் தாத்தாவாகப் போக வேண்டும். பெருமூச்சு விட்டுவிட்டு மிச்சப் பெயர்களை எழுதினேன்.

மறுநாள் டைலருக்குக் காய்ச்சல், முப்பத்தொன்பதரை டிகிரி. எங்கள் ஆங்கிலப் பள்ளியை நடத்தும் கொனிஷிக்குப் போன் செய்தேன்.

"எம்ரிஸ் இருக்கார்ல, அவரை அனுப்பு. இதுக்கெல்லாமா என்னைக் கூப்பிடுவ" என்றார்.

"இல்லீங்க, அந்தப் பள்ளிக்கூடத்துல..." என்று ஆரம்பித்தேன். அவர் போனை வைத்துவிட்டார். நான் திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். பாலர் பள்ளிக்கே பேசி வேறு தேதி கேட்டிருக்கலாம். செய்யவில்லை. நேரே சமையலறைக்குப் போய், டீ போட்டுக்கொண்டிருந்த எம்ரிஸிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாத ஜென்மம் நான்.

டீ ஆறிப்போனது.

"நான் போறேன். தாடி இருக்கு, கண்ணாடி இருக்கு. யாருக்கும் தெரியாது."

"வேணாம் சென்செய்" என்றேன். ஆசிரியர்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். "ஜனவரிய நெனச்சுப் பாருங்க."

"பாத்துட்டு மட்டும் வந்துடறேன். மத்த புள்ளைங்களுக்குக் குடுக்கற மாதிரி அவளுக்கும் ஒரு பை குடுப்பேன். ஒரு வார்த்தை அதிகம் பேசமாட்டேன்." அப்புறம் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "ஒன்றரை வருஷம் ஆச்சு, மொரிவாகி சான். பல்லு விழுந்து மொளச்சிருக்கும்."

அந்தப் பல்லுதான் என்னைக் கவிழ்த்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.

இருபதாம் தேதி காலை பத்து மணிக்கு, பனித்தூறலில், நாங்கள் அந்தப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தோம். தலைமை ஆசிரியை அம்மாள் வாசலுக்கே வந்து குனிந்து வரவேற்றார். இந்த விவகாரம் எதுவும் தெரியாத, சிரித்த முகக்காரி. கூடத்தில் எண்பது குழந்தைகள் முழங்காலைக் கட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

பரிசு கொடுப்பது ஒழுங்காக நடந்தது. காஹோ வந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள், முன்பல் இரண்டும் இல்லை. எம்ரிஸ் மற்றக் குழந்தைகளுக்குக் கொடுத்த மாதிரியே இரண்டு கையாலும் பையைக் கொடுத்தார், மற்றவர்களுக்குச் சொன்ன அதே வாழ்த்தைச் சொன்னார். அவள் குனிந்து வணங்கிவிட்டு இடத்துக்குப் போனாள். அவர் அடுத்த பையை எடுக்கத் தடவியபோதுதான், கண்ணீரில் அவருக்குக் கண் தெரியவில்லை என்று எனக்குப் புரிந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன்.

அதோடு கிளம்பியிருக்கலாம். ஆனால் பெரிய வகுப்புக் குழந்தைகள் தாத்தாவிடம் கேள்வி கேட்பது எல்லா வருஷமும் உண்டு. ஒருவன் கலைமான் என்ன சாப்பிடும் என்றான். ஒருத்தி தாத்தாவுக்கு எத்தனை வயசு என்றாள். நான் வழக்கம்போல மெருகு போட்டேன், கூடமே சிரித்தது. அப்போது காஹோ கையைத் தூக்கினாள்.

"தாத்தா, வீடு மாறிட்டா உங்களால கண்டுபிடிக்க முடியுமா? நாங்க மாறிட்டோம்."

எம்ரிஸுக்கு ஜப்பானிய மொழி நன்றாகவே தெரியும். ஆனாலும் தாத்தாவுக்குத் தெரியக்கூடாதே, அதனால் நான் அந்தக் கேள்வியை ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். அதற்குள் ஒரு சின்னப் பதிலை யோசித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் குனிந்து அவளைப் பார்த்து, மெதுவாக, ஆங்கிலத்தில் சொன்னார்: "நான் உன்னை எல்லா இடத்திலும் தேடினேன். மாதாமாதம் கடிதம் எழுதினேன், எல்லாம் திரும்பி வந்துவிட்டன. உன் வீடு எங்கே இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை."

தலைமை ஆசிரியை என்னைப் பார்க்கிறார். எண்பது குழந்தைகள் என்னைப் பார்க்கிறார்கள். ஜனவரி பதினாறு மட்டும்தான் என் மண்டைக்குள் ஓடியது. நான் குரலை உயர்த்திச் சொன்னேன்:

"தாத்தாவோட கலைமானுக்கு மூக்கு ரொம்பக் கூர்மையாம். எந்த வீட்டுக்குப் போனாலும் மோந்து பாத்தே கண்டுபிடிச்சிடுமாம்."

எல்லோரும் சிரித்தார்கள். காஹோ மட்டும் உட்காரவில்லை.

"அவர் அப்படிச் சொல்லல" என்றாள்.

கூடத்தில் சிரிப்பு அடங்கியது.

"தேடினேன்னு சொன்னாரு. லெட்டர் போட்டேன்னு சொன்னாரு. வீடு எங்கன்னு யாரும் சொல்லலையாம்."

அப்பாவின் குரலென்று தெரிந்து சொன்னாளா, காதில் விழுந்ததை அப்படியே சொன்னாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. எம்ரிஸ் அசையவில்லை. எனக்குக் காது இரண்டும் பற்றி எரிந்தது. அந்த நேரம் பார்த்துத் தலைமை ஆசிரியை கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"அடேயப்பா, காஹோவுக்கு இங்கிலீஷ் புரியுதே. சரி, தாத்தாவுக்கு வீடு தெரியலைன்னா நாமதானே சொல்லணும்? தொலஞ்சு போனா போலீஸ்கார மாமாகிட்ட எப்படிச் சொல்லணும்னு படிச்சோம்ல? அதே மாதிரி சொல்லு பாப்போம்."

காஹோ காலைச் சேர்த்து வைத்து, கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள்: "ஹிகாஷி மாச்சி, மூணு, பதினாலு, அஞ்சு. ஹினாதா குடியிருப்பு, இருநூத்தி ரெண்டு. ஹிரோசே காஹோ. ஆறு வயசு."

"மொரிவாகி சான், தாத்தாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்லுங்க" என்றார் தலைமை ஆசிரியை.

ஒன்றரை வருஷமாக ஊரே சேர்ந்து மறைத்து வைத்த விலாசத்தை, அவரிடம் ஆங்கிலத்தில் ஒவ்வொரு எண்ணாக நான் சொன்னேன். முதல் தடவை கேட்பவர் மாதிரி அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு, "நன்றி. இதைப் பத்திரமாக வைத்துக்கொள்வேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வரேன் என்று சொல்லவில்லை. அந்த நிலையிலும் அந்த மனுஷன் அளந்துதான் பேசினார்.

எனக்கோ, கெட்டுப்போனதை எப்படியாவது சரிக்கட்டிவிட்டு, எல்லோரையும் சிரிக்கவைத்து, அந்தக் கூடத்தைவிட்டு வெளியே ஓடினால் போதும் என்று இருந்தது. பத்தொன்பது வருஷப் பழக்கம், வாய் தானாகத் திறந்தது.

"ரொம்ப நன்றியாம். இருபத்தி நாலாம் தேதி ராத்திரி கண்டிப்பா வரேங்கறாரு."

சொல்லிவிட்டுக் காஹோவைப் பார்த்தேன், மறுபடி திருத்துவாள் என்று. அவள் என்னைப் பார்த்தாள், தாத்தாவைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துகொண்டாள். சிரித்தாள், பல் இல்லாத வாயோடு.

காரில் எம்ரிஸ் தாடியைக் கழற்றவே இல்லை. ஆற்றுப் பாலம் தாண்டுகிற வரைக்கும் முன்கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்த பனியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"வரேன்னு நான் சொல்லலையே."

"இல்ல. நான்தான் சொன்னேன்."

"நான் அங்க போகமுடியாது, மொரிவாகி சான்."

"தெரியும்."

"அந்தத் தெருவுல என்னை யாராவது பாத்தாகூடப் போதும், எல்லாம் போயிடும்."

"தெரியும் சென்செய். மன்னிச்சிடுங்க." மன்னிப்பு எங்கள் ஊரில் நாளைக்கு நூறு தடவை சொல்கிற வார்த்தை. அன்றைக்கு அதைச் சொல்ல வாய் கூசியது.

அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. "பொய் சொன்னா கண்டுபிடிச்சிடற குழந்தைதான் அவ" என்று மட்டும் சொன்னார்.

கண்டுபிடிக்கத்தான் செய்தாள். முதல் பொய்யை எண்பது பேர் முன்னால் எழுந்து நின்று மறுத்தாளே. இரண்டாவது பொய்க்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை, அது பொய் என்று தெரிந்தும்.