காதில் மூன்று முறை சொன்ன பெயர்

காலை ஒன்பது மணிக்குச் சாக்கோட்டையில் கிளம்பி நாச்சியாபுரம் சேர்வதற்குள் நடந்தவை:

1. காரைக்குடி வரை ஷேர் ஆட்டோ. ஆளுக்கு இருபது ரூபாய்.

2. அங்கிருந்து டவுன் பஸ். பெண்களுக்கு இலவசம்.

3. வீட்டில் விட நான் அழைத்துப்போன மாணவி காளீஸ்வரிக்குக் காது கேட்காது என்று கண்டக்டரிடம் சொன்னேன். அவர் அவள் பக்கம் குனிந்து, "எங்குட்டு எறங்கணும்?" என்று பஸ்ஸே அதிரக் கேட்டார். பின்சீட்டில் தூங்கியவர் விழித்து, "குன்றக்குடி" என்றார்.

4. 'பாவம், கண்டக்டருக்குக் காது கேட்காது போல' என்று காளீஸ்வரி சைகையில் சொன்னாள். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

நான் மென்பொருள் வேலை பார்ப்பவள். என் தம்பிக்குக் காது கேட்காததால் சைகைமொழி எனக்கு வீட்டு மொழி. சாக்கோட்டையில் ஒரு மாதம் அதைச் சொல்லிக்கொடுக்க வந்தேன். காது கேளாதவர்கள் ஒருவருக்கொருவர் சைகையிலேயே பெயர் வைத்துக்கொள்வார்கள். நாமாக வைத்துக்கொள்ள முடியாது. எனக்கு மல்லிகைப்பூ வேண்டுமென்று ஆசை. மாணவிகள் தந்தது, விரல்விட்டு எண்ணுவது; எதையும் ஒன்று, இரண்டு என்று வரிசை போட்டுச் சொல்வேனாம். காளீஸ்வரிக்குச் சிரித்தால் கன்னத்தில் குழி விழும். அந்த இடத்தை விரலால் திருகினால் அவள் பெயர்.

வீட்டிலோ அவளை வாயைப் பொத்திக் காட்டித்தான் கூப்பிடுவார்கள். பேச்சு வராதவள் என்று பொருள். இனி அப்படிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று பஸ்ஸிலேயே அறிவித்துவிட்டாள்.

பதினொரு மணி. வாசலில் நின்ற அவள் அப்பா முத்தையா வாயைப் பொத்திக் காட்டினார். அவளோ அங்கே கட்டிக்கிடந்த ஆட்டைப் பார்த்தாள். மறுபடியும் காட்டினார். ஆட்டையே பார்த்தாள்.

"என்ன டீச்சர், கண்ணும் தெரியாமப் போச்சா?"

புதுப் பெயரைச் செய்துகாட்டி விளக்கினேன். அவர் முகம் மாறியது.

"எம்பிள்ளைக்குப் பேரு வைக்க நீங்க யாரு? கெடா வெட்டி, காதுல மூணு தடவ சொல்லி வச்ச பேரு இருக்கு."

சொல்லிவிட்டு அவரே அவள் காதைப் பார்த்தார்.

என்ன சொன்னார் என்று அவள் என்னிடம் கேட்டாள். சொன்னேன். கன்னத்தில் குழி விழச் சிரித்துவிட்டு, பதிலை நிதானமாகக் கைகளால் சொன்னாள். இதை மொழிபெயர்த்தேன்:

"கேக்கலயாம். இன்னொரு தடவ சொல்லச் சொல்றா."

அவள் ஓரக்கண்ணை அப்பா மேல் வைத்தபடி மறுபடியும் ஆட்டின் பக்கம் திரும்பினாள். முத்தையா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, புதுப் பெயரைச் சொல்ல விரலைக் கன்னத்துக்குக் கொண்டுபோனார். முதல் தடவை பல்வலி என்று வந்தது. அடுத்தது கடவாய்ப் பக்கம் போய், புகையிலை அதக்குவதுபோல் ஆயிற்று. அடுப்படியில் அவர் மனைவி சிரித்த சத்தம் எங்கள் இருவருக்கும் கேட்டது. மூன்றாவது தடவை விரல் சரியான இடத்தில் நின்று திருகியது.

காளீஸ்வரி ஆட்டை விட்டுத் திரும்பி, 'என்னப்பா?' என்று தலையை அசைத்தாள். கூப்பிட்ட காரணம் அவருக்கு மறந்துபோயிருந்தது.

மாலை நான்கு மணி பஸ்ஸில் நான் மட்டும் திரும்பினேன். அப்போதைய நிலவரம்: மகளின் பெயர் அப்பாவுக்கு வந்துவிட்டது. அம்மா கரண்டியோடு சொல்வதால் இன்னும் சரியாக வரவில்லை. முத்தையா தனக்கும் ஒரு பெயர் கேட்டிருக்கிறார். கெடா வெட்டினால் வைப்பதாகக் காளீஸ்வரி சொல்லியிருக்கிறாள்.