விட்டுவிடச் சொன்ன மரங்கள்

மலர்க்கொடி பிறந்த காலனிக்கும் கடலூர் ரசாயனத் தொழிற்பேட்டைக்கும் நடுவே இருந்தது ஒரு மதில்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன காய்ச்சுகிறார்கள் என்று இந்தப் பக்கம் யாருக்கும் சொன்னதில்லை. மூக்குதான் சொல்லும். ஒரு நாள் அழுகிய முட்டைக்கோசு, ஒரு நாள் நகப்பூச்சு. அடிபம்புத் தண்ணீர் குடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் மஞ்சளாக ஆடை கட்டும். அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்து, தாவரவியலில் எம்.எஸ்சி. முடித்து, 2005இல் சிதம்பரத்தில் ஒரு சிறிய ஆய்வு மையத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்தாள்.

விசித்திரமான வேலை. வடதுருவத்தை ஒட்டிய காடுகளில், மரத்தைச் சாய்க்காமல், ஒரு துளைக்கருவியைத் திருகிப் பட்டையிலிருந்து நடுமையம் வரை பென்சிலைவிட மெல்லிய ஒரு குச்சியை உருவி எடுப்பார்கள். அதைக் காகித ஸ்ட்ராவில் போட்டுச் சிதம்பரத்துக்கு அனுப்புவார்கள். இங்கே அதை மரச்சட்டத்தில் ஒட்டி, உப்புத்தாளால் வழவழவென்று தேய்த்து, நுண்ணோக்கியில் வளையம் வளையமாக அளக்க வேண்டும். வெளிர்ப் பட்டை ஒன்று, கரும்பட்டை ஒன்று. இரண்டும் சேர்ந்தால் ஓர் ஆண்டு. மரம் தழைத்த ஆண்டில் வளையம் அகலும், தவித்த ஆண்டில் குறுகும். இங்கே கூலி மலிவு, அதனால் அளவு இங்கே. புகழ் அங்கே. அளந்தவளின் பெயர் கட்டுரையின் கடைசியில் நன்றியோடு வரும். சில நேரம் அதுவும் வராது.

"ஸ்ட்ராவத் தேய்ச்சி எண்றதுக்கு சம்பளமா?" என்று அவளுடைய தாய்மாமன் லூர்துசாமி சிரிப்பார். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பிறகு காலனிச் சங்கத்துக்குத் தலைவர். "நம்ம இளநி கடைக்காரன் தினம் ஒரு கூடை ஸ்ட்ரா வீசறான். அவனுக்கு மட்டும் இது தெரிஞ்சுது, உங்க ஆபீசயே வெலைக்கு வாங்கிடுவான்."

"வெறும் ஸ்ட்ரா இல்ல மாமா. உள்ள இருநூறு வருசம் இருக்குது."

"இருக்கட்டும். அங்க வெயிலு ஜாஸ்தியா கொறச்சலான்னு தெரிஞ்சி நமக்கு என்னா ஆவப்போவுது?"

குளிர்நாட்டில் வெயில் கூடினால் மரம் நன்றாகத்தான் வளரும் என்பது மையத்தில் எல்லோருடைய எதிர்பார்ப்பு. பெரும்பாலான குச்சிகள் அப்படியே காட்டின. வறண்ட சரிவுகளிலிருந்து வந்தவை மட்டும் முரண்டு பிடித்தன. கடைசி முப்பது ஆண்டுகளில், வெயில் ஏறிய கோடைகளில் அவற்றின் வளையம் சுருங்கியிருந்தது. சூடு வந்தது, கூடவே தாகமும் வந்தது. அந்த மரங்கள் வளரவில்லை, தவித்தன.

"அந்தச் சரிவு மரங்களை விட்டுடும்மா," என்றார் மையத்தில் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வுக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் ராமாமிர்தம். "வரைபடத்துல கோடு அழகா வரணும்ல. அதுல ஏதோ கோளாறு."

"அதுங்களும் அதே வெயில்லதான சார் நின்னுச்சு?"

"நீ அளந்ததுல கோளாறு இருக்கலாம்னு சொல்றேன்."

காலனியிலிருந்து வந்தவளின் கண்மேல் சந்தேகம் வருவது எளிது. மலர்க்கொடி எல்லாவற்றையும் மறுபடி அளந்தாள். அதே விடை வந்தது. விட மறுத்தாள். முனைவர் பட்டம் இரண்டு ஆண்டு தள்ளிப்போயிற்று. கடைசியில் சரிவு மரங்களோடும் அவள் பெயரோடும் கட்டுரை வெளிவந்தது. 'குறுகிய வளையத்துக்கு ஒரே காரணத்தைச் சொல்லிவிட முடியாது. குளிரும் குறுக்கும், வறட்சியும் குறுக்கும்' என்பது அதில் அவள் எழுதிய வரி. அதை எழுதிய நாளில் அவளுக்கு இருந்த பெருமை, பட்டம் வாங்கிய நாளில்கூட இல்லை.

2009இல் காலனிக்காரர்கள் மதிலுக்கு அந்தப் பக்கத்து ஆலையொன்றின்மேல் கடலூர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். நல்ல தண்ணீர் வேண்டும், கழிவு வாய்க்காலை மூட வேண்டும், இவ்வளவுதான் வழக்கு. ஆலை சொன்ன பதில் எளிமையானது: நாங்கள் வருவதற்கு முன்பே உங்கள் நிலத்தடி நீர் கெட்டுத்தான் இருந்தது. முன்பு எப்படி இருந்தது என்பதற்குக் காலனியில் யார் சோதனை செய்து வைத்திருக்கிறார்கள்?

லூர்துசாமிக்குத்தான் அது தோன்றியது. அடுத்த பேருந்தில் சிதம்பரம் வந்துவிட்டார்.

"மலரு, நம்ம மாதா கோயில் தேக்கெல்லாம் ஆலை வர்றதுக்கு முன்னாடியே வச்சது. அந்த வாய்க்கா ஓரமாத்தான் நிக்குது. அதுங்கள்ட்ட கேளு. எந்த வருசத்துலேர்ந்து வெசம் குடிச்சுதுன்னு சொல்லட்டும்."

ஸ்ட்ராவைக் கேலி செய்த மனிதர், கேலியின் சுவடே இல்லாமல் கேட்டார். அவள் அந்த ஞாயிற்றுக்கிழமையே துளைக்கருவியோடு போனாள். தேக்கு இங்கே கோடையில் இலை உதிர்த்து, மழைக்குத் துளிர்த்து, ஆண்டுக்கொரு வளையம் போடும். கோயில் மரங்களில் குச்சி எடுத்தாள். ஒப்பிடுவதற்காக, ஆலையே இல்லாத புவனகிரியில், வெள்ளாற்றங்கரைத் தோப்பிலும் எடுத்தாள்.

கோயில் மரங்கள் பேசின. ஆலை திறந்த ஆண்டிலிருந்து வளையங்கள் சட்டென்று குறுகியிருந்தன. காலனியின் வழக்கறிஞர் வைத்திலிங்கம் அந்த வரைபடத்தைப் பார்த்து மேசையைத் தட்டினார். "இது போதும்! கேஸ் முடிஞ்சுது."

"புவனகிரியையும் பாருங்க சார்."

அங்கேயும் அதே ஆண்டுகளில் வளையம் குறுகியிருந்தது. ஆலை திறந்த ஆண்டும் மழை பொய்த்த ஆண்டும் ஒன்றாகவே வந்திருந்தன. பிறகு மழை திரும்பியபோது புவனகிரி மரங்கள் மீண்டன. கோயில் மரங்கள் மீளவில்லை. அதில் ஏதோ இருந்தது. ஆனால் கோயில் மரங்கள் நெருக்கி நடப்பட்டவை. ஒன்றின் நிழலில் ஒன்று வாடியும் இருக்கலாம். விஷம்தான் என்று உறுதி சொல்ல, ஆலைக்குள் இருக்கும் மண்ணையும் நீரையும் பார்த்தாக வேண்டும். ஆலை கதவைத் திறக்கவில்லை. நீதிமன்றமும் திறக்கச் சொல்லவில்லை.

"புவனகிரிய யாரும்மா கேட்டா?" என்றார் வைத்திலிங்கம். "அத விட்டுடுங்க. பொய் சொல்லச் சொல்லல. இருக்கறதுல பாதியச் சொல்லுங்க."

மலர்க்கொடி லூர்துசாமியைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். "விட்டுடு மலரு."

ராமாமிர்தம் சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்தது. இப்போது வரவில்லை. வந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

வழக்கு நாளில் காலனிப் பெண்கள் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினார்கள். மாதாவிடம் யாரும் சான்று கேட்பதில்லை. மலர்க்கொடியிடம் கேட்டார்கள். அவள் இரண்டு இடத்து மரங்களையும் சொன்னாள். ஆலையின் வழக்கறிஞர் வடகாட்டுக் கட்டுரையைக் கையில் வைத்திருந்தார்.

"'ஒரே காரணத்தைச் சொல்லிவிட முடியாது.' இது நீங்க எழுதினதுதானே?"

"ஆமாம்."

"இந்தத் தேக்குக்கும் அது பொருந்துமா?"

"பொருந்தும். ஆனா மழை வந்த பிறகும் இந்த மரங்க..."

"பொருந்தும்னு சொல்லிட்டீங்க. போதும்."

வழக்கு தள்ளுபடியாயிற்று. போதிய ஆதாரம் இல்லை. கழிவை விடுகிறவன் கையில் கதவுச் சாவி. அதைக் குடிக்கிறவன் கையில் ஆதாரம் இருக்க வேண்டுமாம். இந்த ஏற்பாட்டுக்கு நீதி என்று பெயர் வைத்தவன் அந்தக் குடத்துத் தண்ணீரை ஒரு வாய் குடித்திருக்க மாட்டான்.

நீதிமன்ற வாசலில் லூர்துசாமி அவளை மறித்தார். "ஆலைதான்னு சொல்லியிருந்தா வாய் வெந்துடுமா?"

"சொல்லியிருந்தா அடுத்த கேள்வியிலயே பொய்னு காட்டியிருப்பாங்க மாமா. ஒரு அதிகாரி போயி ரெண்டு ஆத்தங்கரை மரத்தத் தொளச்சாப் போதும்."

"காட்டட்டுமே. இத்தன வருசமா அவன் சொல்றதெல்லாம் என்னா, உண்மையா?"

 பதிலுக்கு நிற்காமல் அவர் படியிறங்கிப் போனார். அதற்குப் பிறகு காலனிக்கு அவள் போனபோது அம்மா தைலம்மாள் மட்டும்தான் பேசினாள். அதுவும், "சாப்ட்டியா?" என்ற அளவில்.

2011இல் லூர்துசாமி சிதம்பரம் வந்தார். மேல்முறையீடு போட்டிருந்தார்கள், சென்னையில் ஒரு நிபுணர் கிடைத்திருந்தார். கேட்கிறவர்கள் கேட்டபடியே எழுதிக் கொடுப்பவர்.

"கோயில் மரத்துக் குச்சியக் குடு. அது எங்க மரம்."

"உங்க மரந்தான் மாமா." அவள் கோயில் மரச்சட்டங்களையும் புவனகிரிச் சட்டங்களையும் ஒரே கட்டாகக் கட்டிக் கொண்டுவந்து வைத்தாள். "ரெண்டும் சேந்ததுதான் ஆதாரம். அப்பதான் 'மீளல'ன்ற பேச்சே நிக்கும்."

அவர் அவசரப்படாமல் முடிச்சை அவிழ்த்தார். சட்டங்களின் முனையில் எழுதியிருந்ததைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் படித்து, ஒவ்வொன்றாகப் பிரித்தார். கோயிலுடையதைத் தோள்பைக்குள் போட்டுக்கொண்டார். புவனகிரியை மேசையிலேயே விட்டார்.

"தண்ணி இன்னும் அப்டியேதான் இருக்கா மாமா?"

"ஒங்கம்மாவுக்குக் கையெல்லாம் வெடிச்சிருக்கு. பாக்கலியா நீ?"

அவர் போய்ப் பல நாட்களுக்குப் பிறகு ஆலையிலிருந்து தொலைபேசி வந்தது. மரியாதையான குரல். மேல்முறையீட்டில் புவனகிரி மரங்களைப் பற்றி அவர்கள் தரப்பில் மேடம் வந்து பேச வேண்டும். நேர்மையான விஞ்ஞானி என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

"வரேன்," என்றாள் மலர்க்கொடி. "அதுக்கு முன்னாடி ஆலைக் கதவத் தெறங்க. உள்ள மண்ணு எடுக்கணும், தண்ணி எடுக்கணும். அப்பறம் கோயில் மரம், புவனகிரி மரம், உங்க மண்ணு, மூணையும் ஒண்ணா வச்சிப் பேசறேன்."

மேலிடத்தைக் கேட்டுச் சொல்வதாக அந்தக் குரல் சொன்னது. 2012 முடியும்வரை கேட்டு முடிக்கவில்லை.