கடைசிப் பாத்திக் குவியல்

நாற்பத்தாறு வயதில் எனக்கு வியாபார மூளை முளைத்தது. அதுவரை பாண்டிச்சேரி ஜவுளிக்கடையில் துணி அளந்துகொண்டு ஒழுங்காகத்தான் இருந்தேன்.

எங்கள் ஊர் மரக்காணத்தில் மழைக்காலத்தில் உப்பு விளையாது. அப்போது கையில் உப்பு வைத்திருப்பவன் சொன்னதுதான் விலை. புரட்டாசியில் ஓர் உப்புப் பாத்திக்காரர் தன் குவியலைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னார். மனைவியின் தாலிச்சங்கிலியை அடகு வைத்தேன். தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டே அவள் சொன்னாள்: "தையில என் தங்கச்சி கல்யாணம். அதுக்குள்ள மீட்டுக் குடுத்துடணும்."

"கார்த்திகையிலயே வந்துடும்," என்றேன்.

ஏன் பாதி விலை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அந்த ஆள் மனசு மாறிவிடுவாரோ என்று பயம். குவியல் இருந்தது உப்பளத்தின் கடைசிப் பாத்தியில், ரோட்டிலிருந்து வெகுதூரம் உள்ளே. கீற்றுப் போட்டு அழகாக மூடிவைத்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஊரே நனைந்துகொண்டு ஓடும்போது நான் மட்டும் வாசலில் நின்று சிரித்தேன். விலை ஏறியது. வியாபாரி லாரியோடு வந்தார். மண்பாதையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏம்பா, நீ இந்த ஊர்க்காரன்தான?"

பாதை முழுக்கச் சேறு. லாரி இறங்கினால் ஏறாது. தலைச்சுமையாகக் கொண்டுவர ஆள் கேட்டேன். அவர்கள் சொன்ன கூலிக்கு உப்பையும் கொடுத்து மேலே கடனும் வாங்கவேண்டும். மழை இருந்தால் விலை உண்டு, வழி இல்லை. வழி காய்ந்தால் பாத்தியும் காயும், புது உப்பு வரும், விலை விழும். தினமும் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு போய்க் கீற்றைத் தூக்கிப் பார்ப்பேன். சனியன், ஒரு கல் கரையவில்லை. கரைந்திருந்தால் அழுதுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

தை வந்துவிட்டது. வானூர் கல்யாண மண்டபத்தில் மனைவியின் அண்ணி அவள் கழுத்தைப் பார்த்தார்.

"இன்னாடி, சங்கிலி எங்க?"

நான் தாம்பூலப் பைகளோடு அவள் பின்னால் நின்றிருந்தேன்.

"எங்க ஊரு உப்புக்காத்துல தங்கம் கறுத்துப் போவுது அண்ணி. அதான் பீரோவுல வெச்சிட்டேன்."

அண்ணி என் பக்கம் திரும்பினார். "அப்படியாண்ணா?"

"ஆமாங்க," என்றேன். மனைவி என்னைப் பார்க்கவேயில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

திரும்பும் வழியில், உப்பளம் வந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னாள். உள்ளே போகும் பாதையில் இன்னும் சக்கரம் புதையும் ஈரம். ரோட்டோரப் பாத்திகளில் அதற்குள் புது உப்பு வாரத் தொடங்கிவிட்டார்கள். அவள் கயிற்றை முந்தானையால் மூடிக்கொண்டு, தூரத்தில் தெரிந்த என் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம பீரோ ரொம்ப உள்ள இருக்குதுங்க," என்றாள்.